பேச வேண்டிய வேளையில் பேசியவர்

ரயிலில் வந்தாலும் சரி, பேருந்தில் வந்தாலும் சரி, திருவனந்தபுரத்தில் படிக்க வரும் தமிழ் மாணவன் முதலில் காலூன்றும் இடம் தம்பானூர். 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் கற்கட்டடத்தைக் கடந்து செல்லாத நாள் எனக்கு இல்லை. அக்கட்டடம் புதுமை மாறாதிருந்த நாளில், என்னைப் போலவே வேதியியல் கற்க இந்நகருக்கு வந்தவர் ஓர் இளைஞர். பிற்காலத்தில் அவர் உலகத் திருச்சபைகளின் பேரவைக்குத் தலைமை தாங்கினார். ஒரு மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கினார். ஆயினும் அப்பதவிகளுக்காக அவரை இங்கே நினைவுகூரவில்லை. நாடே வாய் பொத்தி நின்ற 21 மாதங்களில் அவர் வாய் திறந்தார், அதற்காகவே நினைவுகூர்கிறேன். அவர் பெயர் எம். எம். தாமஸ்.

ஆட்சி ஒன்று எல்லோருடைய உரிமையையும் பறிக்கும்போது, தன் வழிபாட்டுக்கு இடையூறு வராத ஒரு சமயச் சமூகம் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. வந்த இடத்தில் வம்பெதற்கு என்று வாழப் பழகிய நம் போன்றோருக்கும் உரியது. அதனாலேயே நம் மலரில் இவ்வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

மடத்திலபறம்பில் மாம்மன் தாமஸ் 1916ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மத்திய திருவிதாங்கூரில் கவுங்கும்பிரயார் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் மார்த்தோமா திருச்சபையைச் சேர்ந்தது. பள்ளிப் படிப்புக்குப் பின் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, 1935இல் வேதியியலில் பட்டம் பெற்றார். பாளையத்தில் நாம் இன்று காணும் யூனிவர்சிட்டி கல்லூரியின் முன்னோடியே அது.

பட்டம் பெற்றவர் ஆய்வுக்கூடத்தை நாடவில்லை. பெரும்பாவூரில் தம் திருச்சபை நடத்திய ஆசிரம உயர்நிலைப் பள்ளியில் இரண்டாண்டு ஆசிரியராக இருந்தார். பின்னர் மீண்டும் இந்நகருக்கு வந்து, தெருவில் திரிந்த சிறுவர்களுக்கென்று ஓர் இல்லம் அமைக்கப் பாடுபட்டார். பக்தி நிறைந்த அந்த இளைஞருக்கு அச்சிறுவர்களே அடுத்த ஆசிரியர்கள் ஆயினர் எனலாம். ஒரு பிள்ளைக்குச் சோறிட்டால் அவன் பசி ஆறும். ஆயினும் மறுநாள் இன்னொரு பிள்ளை தெருவுக்கு வருவான். அவனைத் தெருவில் தள்ளிய சமுதாய அமைப்பை என் செய்வது? இக்கேள்வி அவரை முதலில் காந்தியடிகளிடமும், பின்னர் கார்ல் மார்க்சின் நூல்களிடமும் அழைத்துச் சென்றது.

அக்காலத் திருவிதாங்கூர் அமைதியாக இருக்கவில்லை. 1936 முதல் 1947 வரை திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். பொறுப்பாட்சி கேட்டு 1938இல் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. அடக்குமுறையும் உடன் தொடர்ந்தது. கிறிஸ்தவ இளைஞர்களைச் சமுதாயப் பணிக்கும் அரசியல் விழிப்புக்கும் திரட்டிய இளைஞர் இயக்கத்தில் தாமஸ் முன்னின்றார். எதிர்க்குரல் கேளாத ஆட்சி எப்படியிருக்கும் என்பதை அவர் இருபது வயதிலேயே கண்ணாரக் கண்டவர்.

மூடிய இரு கதவுகள்

1943ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு விந்தை நிகழ்ந்தது. தம் திருச்சபையில் குருப்பட்டம் பெற விண்ணப்பித்தார். கம்யூனிஸ்டு கட்சியில் உறுப்பினராகவும் விண்ணப்பித்தார். இரண்டு கதவுகளும் அடைபட்டன. இடதுசாரி அரசியல் உள்ளவர் என்று திருச்சபை மறுத்தது. கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்று கட்சி மறுத்தது. வேறொருவராயின் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியிருப்பார். தாமஸ் இரண்டையும் விடாமல் நடுத்தெருவிலேயே நின்றார். இந்த நிகழ்ச்சியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இதற்கு ஒரு மறுமொழி வந்தது.

1947இல் உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் பணிக்கு ஜெனீவா சென்றார். அது போர் ஓய்ந்த ஐரோப்பா. ஹிட்லரின் ஆட்சியில் திருச்சபைகள் எப்படி நடந்துகொண்டன என்ற கேள்வி அங்கே ஆறாத புண்ணாக இருந்தது.

அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மன் புரோட்டஸ்டன்டுகளில் ஒரு பெரும் பகுதியினர் அவரை வரவேற்றனர். எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி, திருச்சபை எந்த அரசியல் தலைவனுக்கும் அடிபணியாது என்று அறிக்கை வெளியிட்டனர். துணிவான செயல்தான். ஆனால் அவர்களுள்ளும் பலர் தங்கள் திருச்சபையின் உரிமைக்காகப் போராடினார்களே தவிர, பக்கத்து வீட்டு யூதனுக்காகப் பேசவில்லை. பேசியவர்கள் சிலரே. அச்சிலருள் ஒருவரான டீட்ரிக் போன்ஹோபர் 1945 ஏப்ரல் 9 அன்று 39ஆம் வயதில் தூக்கிலிடப்பட்டார். தன் கூரை எரியும்போது மட்டும் கூவுவது போதாது என்பதே அந்த நாடு உலகுக்குத் தந்த பாடம்.

1953 வரை அக்கூட்டமைப்பில் பணியாற்றிய தாமஸ் பின்னர் தாயகம் திரும்பினார். சென்னையில் பிறந்த அறிஞர் பி. டி. தேவானந்தன் தலைமையில் பெங்களூரில் 1957இல் தொடங்கிய சமய, சமுதாய ஆய்வு நிறுவனத்தில் அவருக்குத் துணை நின்றார். 1962இல் தேவானந்தன் மறைந்தபின் 1975 வரை தாமே அதன் இயக்குநரானார். 1968இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் கூடிய மாநாட்டை ஒட்டி, உலகத் திருச்சபைகள் பேரவையின் மத்தியக் குழுத் தலைமை அவரைத் தேடி வந்தது. அப்பொறுப்பேற்ற முதல் ஆசியர் அவரே. குருப்பட்டம் மறுக்கப்பட்டவர் பேராயர்கள் நிறைந்த அவைக்குத் தலைவரானார்!

அவசரநிலை

1975 ஜூன் 25ஆம் நாள் இரவில் நாட்டில் அவசரநிலை பிறந்தது. மிசா சட்டத்தின் கீழும் பிற ஆணைகளின் கீழும் விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். செய்தித்தாள்களைத் தணிக்கை அதிகாரிகள் திருத்தினர். தமிழகத்தில் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. கேரளத்தில் கோழிக்கோடு வட்டாரப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1 அன்று போலீசாரால் கொண்டுசெல்லப்பட்டார். கக்கயம் முகாமிலிருந்து அவர் மீளவில்லை. மகனைத் தேடி அலைந்த தந்தை ஈச்சர வாரியர் அவசரநிலை நீங்கிய பிறகே நீதிமன்றத்தை அணுக முடிந்தது. ராஜன் நம்மைப் போல் விடுதியில் தங்கிப் படித்த மாணவர் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

அக்காலத்தில் திருச்சபைகள் என்ன செய்தன? பெரும்பாலான தலைவர்கள் மௌனம் காத்தனர், வரவேற்றோரும் உண்டு. அவர்கள் தீயவர்கள் அல்லர். கோவில் மணி வழக்கம்போல் ஒலித்தது; பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடந்தன. அவற்றுக்கு அரசின் மானியமும் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் 1976இல் வந்தது. சிறுபான்மையினர் தலை நிமிர்ந்தால் நிறுவனங்களுக்குக் கேடு வரும் என்று அஞ்சினர். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன, கடைகளில் விலை இறங்கியது என்று மக்களும் பேசிக்கொண்டனர்.

தாமசுக்கு வேறொரு சோதனையும் இருந்தது. ஏழைகளுக்கென இருபது அம்சத் திட்டத்தை அரசு அறிவித்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஏழைக்கு நீதி கேட்டவர் அத்திட்டத்தை எப்படி எதிர்ப்பது? சோறா, சுதந்திரமா என்று கேட்டால் இடதுசாரி உள்ளம் சோற்றின் பக்கமே சாயும். தாமஸ் அக்கேள்வியையே மறுத்தார். தன் குறையைச் சொல்ல வாயில்லாத ஏழைக்கு எந்தத் திட்டமும் வந்து சேராது. கட்டுப்பாடற்ற அதிகாரம் நல்லவர் கையிலிருந்தாலும் கெடும். மனிதனைக் கடவுளின் சாயல் என்று நம்புபவன் எவனுடைய உரிமை பறிபோனாலும் வாளாவிருக்கலாகாது. திருவல்லாவில் குடியேறியிருந்த அவர் இக்கருத்துகளை 1975 ஜூலை முதலே எழுத்திலும் பேச்சிலும் வெளியிட்டு வந்தார். அவ்வெழுத்துகள் 1979இல் நூலாக வெளிவந்தன. கொடுங்கோன்மைக்கு மறுமொழி என்று பொருள்படும் பெயரே அந்நூலுக்கு இடப்பட்டது.

அவர் தனித்து நிற்கவில்லை. மார்த்தோமா திருச்சபையின் தலைவர் யூகானோன் மார்த்தோமா மெத்ராப்போலீத்தா, எண்பதைக் கடந்த முதியவர், தலைவர்களை விடுவித்து அவசரநிலையை நீக்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அம்மையாருக்கு நேரே கடிதம் எழுதினார். அப்பெரியார் 1976 செப்டம்பர் 27 அன்று மறைந்தார். விடிவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மூடிய இரு கதவுகளை இப்போது நினைத்துப் பாருங்கள். தாமசை மறுத்த கம்யூனிஸ்டு கட்சி அவசரநிலையை ஆதரித்தது. அவரை மறுத்த திருச்சபையின் தலைவர் அதை எதிர்த்தார். எந்த அமைப்பு எந்நாளில் துணிவு கொள்ளும், எந்நாளில் தவறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே மனிதன் தன் மனச்சான்றை எந்த அமைப்பிடமும் அடகு வைக்கலாகாது.

1975 இறுதியில் நைரோபியில் உலகத் திருச்சபைகளின் ஐந்தாம் மாநாடு கூடியது. சோவியத் நாட்டில் சமய மக்கள் படும் துன்பத்தை விவரித்து ரஷ்யர் இருவர் அனுப்பிய கடிதம் அங்கே பெரும் புயலை எழுப்பியது. அயல்நாட்டுக் கொடுமையைச் சுட்டுவது எளிது. தன் அரசைக் கண்டிப்பது அரிது. இவ்விரண்டின் வேறுபாட்டை, சொந்த நாட்டில் அவசரநிலை நடக்கும்போது அம்மாநாட்டில் அமர்ந்திருந்த தாமசைவிட யார் நன்கு அறிந்திருப்பர்?

முடிவும் மிச்சமும்

1977 மார்ச் 21 அன்று அவசரநிலை நீங்கியது. வடநாடு இந்திரா காந்தியைத் தோற்கடித்தது. நாமோ? அத்தேர்தலில் கேரளம் 20 இடங்களையும் காங்கிரசின் அணிக்கே தந்தது. தமிழகமும் பெரும்பாலான இடங்களைக் காங்கிரசு இருந்த அணிக்கே கொடுத்தது. தாமசும் மெத்ராப்போலீத்தாவும் பேசியது தங்கள் சொந்த ஊரின் பெரும்பான்மைக்கு எதிராகவே என்பது இதனால் விளங்கும். அவர்கள் சொல்லால் ஆட்சி கவிழவில்லை. ஆனால் அந்நாளில் ஒருவரும் பேசவில்லையே என்று பின்வந்தோர் நாணாதபடி காத்தது அவர்கள் சொல்.

முதுமையிலும் அவர் மாறவில்லை. 1990இல் நாகாலாந்தின் ஆளுநரானார். 1992இல் முதலமைச்சர் வாமுசோ சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தபோது, டில்லியைக் கலந்துகொள்ளாமலே அதனை ஏற்றார். மக்கள் தேர்ந்த அமைச்சரவையின் சொல்லே ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் கொள்கை. விளைவு, பதவி பறிபோனது. 1996 டிசம்பர் 3ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே! வேதியியல் கூடத்தில் நாம் ஒரு பாடம் படிக்கிறோம். கரைசலில் அமிலம் சிறிது சிறிதாக ஏறும். நிறமோ வெகுநேரம் மாறாது. பிறகு ஒரே துளியில் எல்லாம் மாறிவிடும். காரணம் அந்தக் கடைசித் துளி மட்டுமன்று. அதற்கு முன் விழுந்த ஒவ்வொரு துளியும் அதில் பங்குகொண்டது. நாட்டின் உரிமை பறிபோவதும் இப்படியே. பக்கத்து அறை மாணவன் காணாமற் போன அன்று, இது நம் ஊரன்று, நம் மொழியன்று, நம் கட்சியன்று என்று நாம் கதவைச் சாத்திக்கொள்வோமா? தம்பானூரில் ரயில் இறங்கிய ஒவ்வொருவரும் இக்கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு முன்னே இதே நகரில் சோதனைக் குழாயைக் கையிலேந்திய ஒருவர் தம் விடையை எழுதிச் சென்றிருக்கிறார்.