பாப்பான் ஊரின் மருத்துவச்சி சிபில் கார்த்திகேசு

சிபில் கார்த்திகேசு என்றதும் ஜப்பானியக் கெம்பெத்தாயின் சித்திரவதைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்குக் காரணமான வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

1899-இல் சுமத்ராவின் மேடானில், யூரேசியக் குடும்பத்தில் பிறந்தவர் சிபில். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை 1919-இல் மணந்தார். ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினர். சிபில் கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஏழைச் சீனக் குடும்பங்கள் அவரைத் தயங்காமல் நாடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1941 இறுதியில் ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் அருகிலுள்ள பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 74-ஆம் எண் கடைவீடு கிளினிக்காக மாறியது. முன்வாசலில் ஊர்மக்கள் வந்தார்கள். பின்வாசல் வழியாகக் காட்டிலிருந்து ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயத்தோடு வந்தார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்திலும் சிபில் அவர்களின் உடலில் பாய்ந்த குண்டுகளை எடுத்தார், புண்களுக்குக் கட்டுப்போட்டார். ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டு, நம்பகமானவர்களுக்குச் சொன்னார். பிடிபட்டால் தலை போகும் வேலை அது.

1943-இல் கணவர், வளர்ப்பு மகன் வில்லியம், சிபில் மூவரும் கைதானார்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும் பாப்பானில் பல வீடுகளின் கதவு தட்டப்பட்டிருக்கும். அவரைப் பேசவைக்க, ஏழு வயது மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டவும் துணிந்தார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளை உயிர் பிழைத்தாள். சிபில் பத்து காஜா சிறையில் அடைபட்டார். 1945-இல் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை.

சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர்தான். பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைப் புண் ஆறவேயில்லை. 1948 ஜூன் 12-இல், 48 வயதில் இறந்தார்.

அதே மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட படையைச் சேர்ந்தவர்கள் பலர் தேடப்படும் ஆட்களானார்கள். பின்வாசல் வைத்தியத்தைப் பற்றி ஊரார் வாய்திறக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்தின் லனார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கல் தேவாலயம் அருகே புதைக்கப்பட்டது. ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.