மக்கள் வாய்மொழியே நூலாக: மருத்துவர் ஹெப்பர்ன்

வேற்றுமொழி ஒன்றைக் கற்க விழைவோர் முதற்கண் நாடுவது அகராதியையே. தக்க அகராதி இல்லாதவிடத்து, அம்மொழியைப் பேசும் மக்களே ஆசானும் நூலும் ஆவர். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன். ஜப்பானிய மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறைகளுள் பெரிதும் வழங்குவது இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

பிறப்பும் பணியும்

ஹெப்பர்ன் 1815ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மில்டன் நகரில் பிறந்தார். 1832இல் பிரின்ஸ்டனில் பட்டமும், 1836இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். கிறித்தவ சமயப் பணியாளராகச் சிங்கப்பூரிலும் சீனத்து அமோய் நகரிலும் சில ஆண்டுகள் தங்கியபின் தாயகம் திரும்பி, நியூயார்க்கில் மருத்துவத் தொழில் நடத்தினார். அங்குக் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தார். வருவாய் மிக்க அத்தொழிலை விடுத்து, 1859 அக்டோபரில் மனைவி கிளாராவுடன் ஜப்பானின் கனகாவாவில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 44. புதியதொரு மொழியை எழுத்தறியாச் சிறுவனைப் போலத் தொடங்கிக் கற்க அவ்வயது அவருக்குத் தடையாகவில்லை.

நோயாளியின் சொல்

ஜப்பானில் அந்நாளில் கிறித்தவம் தடை செய்யப்பட்டிருந்தது. அயலவர் ஐயக் கண்கொண்டே நோக்கப்பட்டனர். பழைய பௌத்தக் கோயில் ஒன்றே அவருக்கு உறைவிடமாயிற்று. 1861இல் மற்றொரு கோயிலில் அவர் தொடங்கிய மருத்துவமனையைச் சில திங்களிலேயே அரசு மூடச் செய்தது. பின்னர் யோகோஹாமாவுக்குக் குடிபெயர்ந்து, கட்டணம் பெறாமல் மருத்துவம் புரிந்தார்.

மருத்துவனுக்கு மொழி அணிகலன் அன்று, கருவி. ஜப்பானிய மொழியில் வலியைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகள் பல உள்ளன. ‘ஜுகிஜுகி’ என்பது நாம் விண்விண்ணென்று தெறிப்பதாகக் கூறும் வலி. ‘ச்சிகுச்சிகு’ என்பது ஊசி குத்துவது போன்ற வலி. ‘ஷிகுஷிகு’ என்பது விட்டு நீங்காது மெல்ல நோகும் வலி. பின்னிரண்டுக்கும் ஒலியில் வேறுபாடு மிகச் சிறிது, பொருளிலோ பெரிது. வானிலையின் குளிரும் உடலில் உணரும் நடுக்கமும் ‘சமுய்’. தொட்ட பொருளின் தண்மை ‘த்சுமெதாய்’. தமிழில் இரண்டையும் ‘குளிர்கிறது’ என்று கூறிவிடலாம். அங்கே ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் பிழை. பிணியுற்றோரிடம் விடைபெறுங்கால் கூறும் ‘ஒதாய்ஜினி’ என்பது, உடலைப் பேணுக என்னும் பரிவுரையாகும்; நலமுடன் இருப்பவரிடம் பொதுவாக விடைபெறும்போது அதனைக் கூறுவதில்லை.

குறில் நெடில் வேறுபாடும் ஒற்றும் அறிந்த தமிழ் மாணவர்க்கு அம்மொழியின் வேறொரு நுட்பம் எளிதில் விளங்கும். ‘ஒபசான்’ அத்தை முதலிய உறவு, ‘ஒபாசான்’ பாட்டி. ‘கிதே’ என்பது வருக எனப் பொருள்படும். ‘கித்தே’ என்பது அஞ்சல்தலை. எழுத்தொலி ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபடுவனவும் உண்டு. தோக்கியோ வழக்கில் ‘ஹஷி’ என்பதன் முதலசையை உயர்த்தினால் உண்ணும் குச்சி. இரண்டாம் அசையை உயர்த்தினால் பாலம். இத்தகைய வேறுபாடுகளை நூலின் துணைகொண்டு மட்டும் அறிதல் அரிது; செவியால் கேட்டே அறிதல் வேண்டும்.

அகராதி பிறந்த வரலாறு

ஹெப்பர்னுக்குக் கிட்டிய முன்னோர் நூல்கள் இரண்டே எனலாம். ஒன்று 1603இல் இயேசு சபையார் வெளியிட்ட ஜப்பானிய-போர்த்துகீசிய அகராதி. மற்றொன்று 1830இல் பத்தாவியாவில் மெதர்ஸ்ட் வெளியிட்ட சிறு சொற்றொகுதி. ஆதலின் அவர் பெரிதும் சார்ந்தது உடனிருந்து கற்பித்த ஜப்பானியரையே. 1863இல் கண்நோய்க்கு மருந்து நாடி வந்த கிஷிதா கின்கோ, அகராதிப் பணியில் அவருக்கு உற்ற துணையானார். அத்தகைய நூலை அச்சிடும் வசதி ஜப்பானில் இல்லாமையால், 1866இல் இருவரும் ஷாங்காய் சென்றனர். 1867இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சொற்களைக் கொண்ட ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளிவந்தது. கின்கோவுக்கு ஹெப்பர்ன் அளித்த கண்மருந்துச் செய்முறை, பின்னாளில் அவருடைய வாணிகத்துக்கு அடித்தளமாயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்நூலோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. 1872இல் இரண்டாம் பதிப்பையும், 1886இல் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் மூன்றாம் பதிப்பையும் வெளியிட்டார். உரோமன் எழுத்துக் கழகத்தார் வகுத்த முறையை மூன்றாம் பதிப்பில் மேற்கொண்டார். மெய்யொலிகள் ஆங்கிலத்தையும் உயிரொலிகள் இத்தாலியத்தையும் தழுவியவை. நெடிலுக்கு எழுத்தின்மேல் கோடு. அம்முறையே அவர் பெயரால் நிலைபெற்றது.

நிறைவு

1889இல் மெய்ஜி காகுயின் கல்லூரியின் முதல் தலைவரானார். 33 ஆண்டுகள் ஜப்பானில் பணியாற்றி, 1892இல் தாயகம் மீண்டார். 1911 செப்டம்பர் 21ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தில், 96ஆம் அகவையில் மறைந்தார்.

ஜப்பானியர் அவர் பெயரைத் தம் நாவுக்கேற்ப ‘ஹெபோன்’ என்றே வழங்கினர். ஜப்பானிய மொழியில் அவர் முறைக்கும் அதுவே பெயர். தங்கள் ஒலிகளைத் திரிபின்றிக் கேட்டறிய முயன்ற ஒருவரின் பெயரைத் தங்கள் ஒலியாலேயே தமதாக்கிக் கொண்டனர் அம்மக்கள். பிறர் கூறுவதை அவர் கருதிய பொருளிலேயே உணர முயல்வது அவரை மதிப்பதன் முதற்படி. மொழி பயிலும் மாணவர்கள் ஹெப்பர்னிடம் கற்கவேண்டியது இதுவே.