தங்கையைப் பறித்த நோய்

பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்துப் பெண்கள் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். அந்த நோய் என்று குரலைத் தாழ்த்துவார்கள். மார்பில் கட்டி இருப்பதை மகளிடம்கூடச் சொல்லாமல் மறுநாளும் பால்மரம் சீவப் போனவர்கள் உண்டு. இப்போது சுங்கை பட்டாணி மாணவிகளிடம் இந்நோயைப் பற்றிப் பேசும்போது, தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புக்கு நடுவே இடம் கிடைத்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்ணும் அவரே.

இவ்வளவு படித்தவரின் வீட்டிலேயே அது நடந்தது. தங்கைக்கு வந்ததைச் சீதபேதி என்று எண்ணி முதலில் மருந்து கொடுத்தார்கள். மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் அக்காவின் கண்முன்னே தங்கை இறந்தார். அக்காள் மருத்துவர், அப்படியிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. மாணவிகள் சட்டென்று அமைதியாவது இந்த இடத்தில்தான்.

அன்று இல்லாத வழிகள் இன்று நம்மிடம் உள்ளன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்பிவி என்ற கிருமியே காரணம். 2010 முதல் மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே அதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் அம்மாவுக்குத் தேவையான பாப் ஸ்மியர் பரிசோதனை அரசாங்கக் கிளினிக்கில் உண்டு. வலிக்காத கட்டிதானே என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்; மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

முத்துலட்சுமியோ புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். பிழைக்காத நோய்க்கு எதற்குச் செலவு என்பதே அன்றைய பொது எண்ணம். மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கை போய் 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காவுக்கு வயது 67.

1968இல் அவர் மறைந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்த மருத்துவமனையை வளர்த்தார். 1955இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே தங்கி நோயாளிகளைப் பார்த்துவந்தார்.