ரிச்சர்ட் ரைட்: கணக்கில் வராத பங்கு

பிங்க் ஃபிளாய்ட் என்றதும் ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மரும் நினைவுக்கு வருவார்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயர் அதன் பிறகே வரும். உழைப்புக்கும் அதன் மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு அவர் வாழ்வையே சான்றாகக் காட்டுவேன். நான் பொருளாதாரம் கற்பித்தவன்.

1943-இல் இங்கிலாந்தில் பிறந்த ரைட், லண்டனில் கட்டடக்கலை பயிலச் சென்ற இடத்தில் வாட்டர்ஸையும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனையும் சந்தித்தார். குழு அங்கே கருக்கொண்டது. 1971-இல் வெளியான ‘எக்கோஸ்’ அவரது பியானோவின் ஒற்றைச் சுரத்தில் தொடங்குகிறது. கோடிக்கணக்கில் விற்ற ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ (1973) தொகுப்பில் உள்ள ‘அஸ் அண்ட் தெம்’ பாடலின் மெட்டு, அவர் ஒரு திரைப்படத்துக்காக அமைத்து, இயக்குநர் அன்டோனியோனி வேண்டாமென ஒதுக்கியது.

1979-இல் ‘தி வால்’ பதிவின்போது வாட்டர்ஸுடன் ஏற்பட்ட பிணக்கால் ரைட் வெளியேற்றப்பட்டார். அதன் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சிகள் பெரும் நட்டம் கண்டன. பங்காளிகள் மூவரும் அதைச் சுமக்க, சம்பளக்காரர் மட்டுமே பணத்துடன் திரும்பினார். பேரேட்டில் அது வரவு. தாம் உருவாக்கிய குழுவில் உரிமையிழந்ததற்கு அது ஈடாகாது.

வாட்டர்ஸ் விலகியபின் திரும்பிய ரைட், 1994-இல் மீண்டும் முழு உறுப்பினரானார். 2008-இல், 65-ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

கூட்டு உற்பத்தியில் ஒருவரது பங்கை எப்படி அளப்பது? அவரை நீக்கிப் பார்ப்பதே பொருளியலின் வழி. ரைட் இல்லாமல் பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயரில் மேடையேறுவது முறையன்று எனக் கில்மர் கருதினார். ரசிகர்களும் அவ்வாறே கருதுகிறார்கள். அந்த மதிப்பீடு தாமதமானது, ஆனால் சரியானது.