செங்கல்பட்டு குமாஸ்தா மைசூர் திவான் ஆன கதை

மைசூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் அனைவருக்கும் டவுன் ஹால் தெரியும். தொட்ட கடியாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் முழுப் பெயர் ரங்காச்சார்லு நினைவு மண்டபம். பெயரைப் பார்த்துவிட்டு யாரோ ஆந்திரக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் செங்கல்பட்டு ஜில்லாக்காரர். குமாஸ்தாவாகத் தொடங்கி, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக அமர்ந்தவர்.

ரங்காச்சார்லு பிறந்தது 1831-ம் ஆண்டு. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர்கள் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியைப் பறித்து, தங்கள் கமிஷனர்களைக் கொண்டு மைசூரை நடத்தத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஆட்சி உடையார் வம்சத்துக்குத் திரும்பியபோது, பொறுப்பை ஏற்று நடத்தியவர் இவர்தான்.

சென்னையில் பச்சையப்பர் பள்ளியிலும் பிறகு சென்னை ஹைஸ்கூலிலும் படித்தார். 1849-ல், பதினெட்டு வயதில், சென்னை கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அக்காலத்து ரெவின்யூ இலாகாவில் கை நனையாமல் காகிதம் நகராது. பலரும் அதோடு ஒத்துப்போய்விடுவார்கள், இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்வார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. ரெவின்யூ இலாகாவில் நடக்கும் லஞ்சத்தைப் பற்றி ஒரு பிரசுரமும், மிராசு உரிமையைப் பற்றி இன்னொன்றும் எழுதினார். தனக்குச் சம்பளம் கொடுக்கிற இலாகாவைப் பற்றியே எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வியப்பு என்னவென்றால், அதனால் அவர் உத்தியோகம் போகவில்லை. நெல்லூரில் சிரஸ்ததார் ஆனார். பழைய அரசர்கள் கொடுத்த மானிய நிலங்களுக்கு உரிமை பார்த்து முடிவு செய்த இனாம் கமிஷனில் வேலை செய்தார். பின்பு கோழிக்கோட்டில் கஜானா டெபுடி கலெக்டர் ஆனார்.

அதற்கு மேல் படி இல்லை. ஜில்லாவை ஆளும் கலெக்டர் பதவிக்கு லண்டன் போய்ப் பரீட்சை எழுதவேண்டும். இந்தியர்களில் முதல் ஆளாக சத்யேந்திரநாத் தாகூர் அதில் தேறியதே 1863-ல்தான். குமாஸ்தாவாக நுழைந்த ஒரு மனிதருக்கு முப்பத்தேழு வயதிலேயே தலை கூரையில் முட்டிவிட்டது என்று சொல்லலாம்.

1868 மார்ச் மாதம் மைசூரில் வயதான மகாராஜா காலமானார். அவர் தத்தெடுத்த சாமராஜேந்திர உடையாருக்கு அப்போது ஐந்து வயது. அரண்மனை முழுதும் கடன். நகை நட்டுகளைக் கணக்கெடுக்கவேண்டும். அரண்மனைச் சிப்பந்திகளோ ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இதையெல்லாம் ஒழுங்கு செய்வதற்காக கமிஷனர் பௌரிங் ரங்காச்சார்லுவை வரவழைத்தார்.

வந்த இடத்தில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும்? வெள்ளைக்காரர் அனுப்பிய ஆள், சென்னை ராஜதானிக்காரர், செய்யப்போவது ஆட்குறைப்பு. தலைமுறை தலைமுறையாக அரண்மனைச் சோற்றை உண்டவர்கள் அவரை மனமுவந்து ஏற்பார்களா? அவர்கள் கசந்துகொண்டதில் நியாயம் இல்லை என்றும் சொல்லமுடியாது. வேலைக்குத் தகுதியானவர் என்பது வேறு, இடத்துக்குப் பொருந்தியவர் என்பது வேறு. முதலாவது ரங்காச்சார்லுவுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது. இரண்டாவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

கோழிக்கோட்டில் பழகிய சேஷாத்ரி ஐயரையும் அதே 1868-ல் மைசூருக்கு வரச்செய்தார். முதலில் போனவர் அடுத்தவருக்கு இடம் பார்ப்பது நம்மவர்களிடம் இன்றும் உள்ள வழக்கம்தானே! அந்த சேஷாத்ரி ஐயர்தான் பின்னால் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர்.

இனி ஒரு சிறு விஷயம். என் பார்வையில் அவர் வாழ்க்கையிலேயே முக்கியமானது. 1874-ல் லண்டனில், மைசூரில் நடக்கும் ஆங்கில ஆட்சியைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. பெருஞ்சம்பளம் வாங்கும் வெள்ளைக்கார அதிகாரிகளால் சமஸ்தானத்துக்கு ஏற்படும் சுமையை அது கண்டித்தது. ஆசிரியர் பெயர் இல்லை. மைசூர்வாசி ஒருவர் என்று மட்டும் போட்டிருந்தது. எழுதியவர் ரங்காச்சார்லு! மைசூருக்கு வந்து ஆறே ஆண்டு ஆகியிருந்த செங்கல்பட்டுக்காரர் தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டார். பெயரை மறைக்கவேண்டிய கட்டாயம் இருந்தது உண்மை. ஆனால் மறைந்துகொள்ள வேறு எத்தனையோ பெயர்கள் உண்டே. வந்த வேளையில் அவர் கமிஷனரின் ஆளாக வந்தார். இப்போதோ மைசூரின் பக்கம் நின்று கமிஷனர் ஆட்சியைக் கேள்வி கேட்டார்.

பிறகு வந்தது 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம். 1871 கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருந்த மைசூர் ஜனத்தொகை, 1881-ல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் கீழே போயிற்று. கஜானா காலி, இந்திய சர்க்காருக்குக் கடன் 80 லட்சம் ரூபாய். இந்த நிலையில்தான் 1881 மார்ச் 25-ந் தேதி ஆட்சி சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பியது. ரங்காச்சார்லு திவான் ஆனார்.

மறுபடியும் அதே வேலை: செலவைக் குறைப்பது. எட்டு ஜில்லாக்கள் ஆறாயின. ஹாசனும் சித்ரதுர்க்காவும் ஜில்லா அந்தஸ்தை இழந்தன. பல உத்தியோகங்கள் போயின. இந்த வெட்டு சில இடங்களில் அளவு மீறியது என்றே தோன்றுகிறது. 1886-ல் அந்த இரண்டு ஜில்லாக்களையும் திரும்ப ஏற்படுத்தவேண்டி வந்தது.

ஆனால் இம்முறை அவர் இன்னொன்றும் செய்தார். 1881 அக்டோபர் 7-ந் தேதி, தசராவை ஒட்டி, தாலுகாக்களிலிருந்து ரயத்துகளையும் வியாபாரிகளையும் மைசூருக்கு அழைத்துப் பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். வந்தவர்கள் 144 பேர். இந்திய சமஸ்தானங்களில் அப்படி ஒரு சபை அதுவே முதல். சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. திவான் வரவு செலவைச் சொல்வார். வந்தவர்கள் குறைகளைச் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆனால் இளமையில் கச்சேரி ஊழலைப் பிரசுரத்தில் எழுதிய குமாஸ்தா, ஐம்பது வயதில் தம்முடைய கச்சேரியின் கணக்கையே குடியானவர் முன்னால் வைத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அவர் திவானாக இருந்த 1882-ல்தான்.

திவான் பதவி இரண்டு ஆண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை. 1883 ஜனவரி 20-ந் தேதி சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தொன்று. அவருக்குப் பின்னால் உயர்ந்த உத்தியோகங்களில் சென்னைக்காரர்கள் மேலும் மேலும் வரவே, மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற குரல் வலுத்தது. படித்த உள்ளூர் இளைஞர்களுக்கு இடம் வேண்டாமா என்று அவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

ரங்காச்சார்லு நினைவு மண்டபத்துக்கு 1884-ல் அடிக்கல் நாட்டியவர் மகாராஜா சாமராஜேந்திர உடையார். பதினாறு ஆண்டுக்கு முன்னால், அரண்மனைக் கணக்கைப் பார்க்க ரங்காச்சார்லு வந்து இறங்கியபோது ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தவர்.