பெயரை முகப்பாக்கிய பெருந்தகை: இரட்டைமலை சீனிவாசன்

கல்வி எல்லார்க்கும் பொது என்னும் கூற்றுக்கு இன்று மறுப்புரைப்பார் இலர். பள்ளியின் கதவு திறந்திருக்கிறதா என்பதை மட்டும் நோக்கினால் அக்கூற்று மெய்யெனவே தோன்றும். அக்கதவுக்குச் செல்லும் தெரு யாருக்கு உரியது, உள்ளே சென்ற பிள்ளை யாரோடு அமர்ந்து பேசுகிறது, கற்று முடித்தபின் எப்பணி அதற்குக் கிடைக்கிறது என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கும்போதே ஒரு சமுதாயத்தின் உண்மைத் தன்மை புலனாகும். இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை மாணவராய்ப் பட்டறிந்து, இதழாசிரியராய் எழுதி, சட்டமன்ற உறுப்பினராய் வாதாடியவர் இரட்டைமலை சீனிவாசன்.

இளமையும் கல்வியும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் சூடு ஆறிவந்த காலத்தில், செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில், ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. சீனிவாசனின் கல்வி கோயம்புத்தூரில் நிகழ்ந்தது.

அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். சீனிவாசனை எவரும் வாயிலில் தடுக்கவில்லை. ஆயினும், தம் குலமும் குடியிருப்பும் உடன்பயில்வோர்க்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்தப்படுவோம் என்னும் அச்சம் அவரை விட்டகலவில்லை. ஆதலின் காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருப்பார். தொடக்க மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், எவரும் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத துயரை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. 1939இல் வெளியான ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் தம் தன்வரலாற்று நூலில் அதனை உருக்கமாகப் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. அச்சிறுவனை அடித்தவர் இலர், வைதவர் இலர், வெளியேற்றியவரும் இலர். எனினும் நாள்தோறும் இருமுறை அவன் ஒளிந்தான். தண்டிப்பார் இல்லாமலே தண்டனை நிறைவேறியது. பெயர் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டத்தக்க ஒருவர் இல்லாதபோதும் ஒரு பிள்ளையை ஒளிய வைக்கும் ஆற்றலே அமைப்புவழிப் பாகுபாட்டின் இயல்பு எனலாம்.

இதழ்ப்பணி

கல்விக்குப் பின் சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தில் நீலகிரியில் வாழ்ந்து, ஒடுக்கப்பட்டோர் எழுச்சிக்கு வித்திட்ட அயோத்திதாசர் அவருடைய தமக்கையையோ தங்கையையோ மணந்த வகையில் உறவினருமாவார் என்பர். பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்த சீனிவாசன், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆராய்வதிலும் அவர்களை ஒன்றுதிரட்டுவதிலும் ஈடுபட்டார்.

1893ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் சூட்டினார். நான்கு பக்கங்களோடு திங்களிதழாக வெளிவந்து, பின்னர் வார இதழாக வளர்ந்த அது, 1900ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. கோவைப் பள்ளியில் எந்தப் பெயர் வெளிப்படும் என்று அஞ்சி ஓடினாரோ, அந்தப் பெயரையே முகப்பில் அச்சிட்டுத் தெருத்தெருவாக விற்கச் செய்தார். பிறர் வசையாக வழங்கிய சொல்லை உரியவரே எடுத்து ஆளும்போது அச்சொல்லின் நஞ்சு நீங்கத் தொடங்குகிறது. பிற்காலத் தலித் இலக்கியம் விரிவாகக் கையாண்ட இவ்வுத்தியைத் தமிழ் இதழியலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் செயற்படுத்தினார் என்பது நோக்கத்தக்கது.

பணியிடமும் நீதியும்

அதே ஆண்டில் மற்றொரு சிக்கல் எழுந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு இங்கிலாந்தில் மட்டுமே நடைபெற்று வந்தது. அதனை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் எனக் காங்கிரசு வேண்டியது. சீனிவாசன் இதனை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை ஜெனரல் செஸ்னி வழியாக இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார்.

இம்மனு இந்தியர் உயர்பதவி பெறுவதற்குத் தடையானது என்னும் குறை சொல்லப்படுவதுண்டு. அக்குறையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இலண்டன் சென்று தேர்வெழுதும் வசதி ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் இல்லை; மனு வென்றாலும் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் கிடைத்திராது. ஆயினும் அது எழுப்பிய வினா தள்ளத்தக்கதன்று. நானூற்றுவருள் பத்துப்பேர் மட்டுமே பிற வகுப்பினராய் இருந்த வகுப்பறையைக் கண்டவர் அவர். அத்தகைய வகுப்பறைகளிலிருந்து தேர்வுக்கூடம் செல்வோர் யாவர், தேறி வந்து அதிகாரம் செலுத்துவோர் யாவர் என்று அவர் கணக்கிட்டார். எல்லார்க்கும் ஒரே வினாத்தாள் என்பதனால் மட்டும் தேர்வு நடுநிலை உடையதாகிவிடாது என்பதே அவர் கருத்தின் சாரம். 1922இல் அத்தேர்வு இந்தியாவிலும் நடைபெறத் தொடங்கியது. அவர் எழுப்பிய வினாவோ அதன் பின்னரும் நீடித்தது.

தெருவும் சட்டமும்

1900ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்ற சீனிவாசன், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழ இருபதாண்டு அயல்வாழ்வுக்குப் பின் தாயகம் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார்.

அங்கு அவரும் ஆர். வீரையன் முதலிய உறுப்பினரும் முனைந்து நின்றதன் பயனாக, 1924இல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, தெரு ஆகியவற்றில் நடக்கவும், பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை அணுகவும் எச்சாதியார்க்கும் உரிமையுண்டு என்பது அதன் பொருள். 1925இல் இது அரசிதழிலும் வெளியாயிற்று. தெருவில் நடக்கும் உரிமைக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என வினவலாம். அக்காலத்துப் பள்ளிகள் பல ஊர்த்தெருவிலேயே அமைந்திருந்தன. அத்தெருவில் கால்வைக்க இயலாத பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை ஆணையால் விளையும் பயன் யாது? அலுவலகத்தின் படியேற இயலாதவர்க்கு அரசுப் பணியும் அவ்வாறே.

1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோர் சார்பாளராக அவர் பங்குபெற்றார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். இராவ்சாகிப், இராவ்பகதூர், திவான்பகதூர் ஆகிய பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்றைய தேவை

1925ஆம் ஆண்டு அறிவிப்பு, அன்று சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரி வட்டாரத்திற்கும் உரியதே. அதன்பின் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. எனினும் 2024 பிப்ரவரியில், மொரப்பூரை அடுத்த ஓர் ஊரில் வயல்வேலைக்குச் சென்ற பட்டியலினப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் தரப்பட்டதாக எழுந்த புகாரின்மீது காவல்துறை வழக்குப் பதிந்து இருவரைக் கைது செய்தது. வயலும் ஒரு பணியிடமே. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப்பகையால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவரிடையே சாதி வேற்றுமையைக் களைவதற்கான தன் அறிக்கையை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது.

சட்டம் தண்டிக்கும் குற்றங்கள் இவ்வாறு வெளிச்சத்திற்கு வருகின்றன. மணி அடிக்கும்வரை வெளியே ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் துயர் எவ்வழக்கிலும் பதிவாவதில்லை. அதனைக் காணும் கண் ஆசிரியர்க்கு வேண்டும். சொல்லும் சொல் கவிஞர்க்கு வேண்டும். தம் இளமைத் துயரைத் தம் கையாலேயே எழுதி வைத்ததால்தான் சீனிவாசன் என்னும் மாணவரை இன்று நாம் அறிகிறோம். எழுதப்படாத மாணவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.