ஆண்டையின் குரலும் ஆண்டவரின் குரலும்: சோஜர்னர் ட்ரூத்

கறுப்பினப் போராளி சோஜர்னர் ட்ரூத் கடவுளின் குரலைக் கேட்டு நடந்தவர் என்பர். அது உண்மையே. ஆனால் அக்குரலை ஏனைய குரல்களிலிருந்து பிரித்தறிய அவருக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

1797-ஐ ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் இசபெல்லா என்ற பெயரில் அடிமையாகப் பிறந்தார். தாய்மொழி டச்சு. சுமார் 9 வயதில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். ஆங்கிலத்தில் இட்ட ஏவல் புரியாததற்காக அடிபட்டார். வானத்தில் கடவுள் இருக்கிறார், துன்பத்தில் அவரை அழைக்கலாம் என்று தாய் கற்பித்திருந்தார். எனினும், பின்னர் அவரை வாங்கிய ஆண்டை ஜான் டூமான்ட்டையே, எங்கும் எப்போதும் தன்னைக் காண்கிற கடவுளைப் போல அவர் கருதினார்.

நியூயார்க் அடிமைகள் 1827 ஜூலை 4 அன்று சட்டப்படி விடுதலை பெறவிருந்தனர். ஓராண்டு முன்னரே விடுவிப்பதாகச் சொன்ன டூமான்ட் வாக்குத் தவறினார். இரவில் செல்ல அச்சம், பகலில் சென்றால் எல்லோரும் காண்பர் என்று இசபெல்லா கடவுளிடம் முறையிட்டார். விடியலுக்குச் சற்று முன் புறப்படலாம் என்ற எண்ணம் உதித்தது. இடியில்லை, மின்னலில்லை. 1826-இன் பிற்பகுதியில் கைக்குழந்தை சோஃபியாவுடன் வெளியேறினார்.

வழக்கறிஞர்களாதலால் அடுத்து நடந்ததில் சற்று நிற்கிறோம். அவருடைய மகன் பீட்டர், சுமார் 5 வயதுச் சிறுவன், அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்ற சட்டம் ஏட்டில் இருந்தது. அதை அசைக்க ஒருவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. எழுத்தறியாத இசபெல்லா, குவேக்கர்கள் துணைநிற்க, கிங்ஸ்டன் நீதிமன்றத்தை நாடினார்; வாக்குமூலத்தில் கையொப்பத்துக்கு மாறாகக் குறியிட்டார். 1828-இல் மகனை மீட்டார். அவன் உடலெங்கும் தழும்புகள். அவ்வழக்கின் ஆவணங்கள் 2022-இல்தான் மாநில ஆவணக் காப்பகத்தில் வெளிப்பட்டன.

பக்தி நூல்கள் விரைந்து கடக்கும் பகுதி இனி வருகிறது. 1830-களின் தொடக்கத்தில், பிதாவின் ஆவி தன்னில் குடிகொண்டிருப்பதாக அறிவித்த மத்தியாஸ் என்னும் வெள்ளையரை அவர் நம்பினார். சேமிப்பைக் கொடுத்தார், அக்குழுவினரின் வீட்டில் கூலியின்றி வேலை செய்தார். புதிய பெயரில் அதே ஆண்டை! குழு சிதைந்தபோது, நஞ்சூட்ட முயன்றதாக அவர்மீதே பழி விழுந்தது. அவதூறு வழக்குத் தொடுத்து 1835-இல் வென்றார்.

1843 ஜூன் 1 அன்று பெயரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். பெரியவர்கள் விவிலியத்தை வாசிக்கையில் தம் விளக்கத்தையும் கலந்தனர். ஆகவே அவர் சிறுவர்களை வாசிக்கச் சொன்னார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் உள்ளத்தின் சாட்சியோடு ஒப்பிட்டார். உண்மையின் ஆவி அதில் பேசுகிறது, எழுதியவர்களின் கருத்தும் கலந்திருக்கிறது என்று முடிவு செய்தார். எழுத்தறியாத ஒரு பெண் செய்த இந்த மறைநூல் ஆய்வு, எந்த இறையியல் கல்லூரிக்கும் குறைந்ததன்று.

1883-இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் மறைந்தார். அவருடைய பேச்சுக்கும் கலப்பு நேர்ந்தது. 1851-இல் ஆக்ரன் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை, 12 ஆண்டுகள் கழித்து, தென்மாநில அடிமைகளின் கொச்சை எனக் கருதப்பட்ட நடையில் பிரான்சிஸ் கேஜ் எழுதி வெளியிட்டார். டச்சு பேசி வளர்ந்தவரின் குரலாக அந்த வடிவமே இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது.